அளத்துக் கணக்கும் நினைவுக் கோப்பும்

22 பிப்ரவரி 2026, ஞாயிறு. ஆறுமுகநேரி

மழை மாதங்களில் தண்ணீர் கட்டிக் கிடந்த பாத்திகளைச் செப்பனிட்டு முடித்தாயிற்று. மாசி வெயில் ஏற ஏற உப்பு வாருவதும் தொடங்கிவிடும். அதற்குள் உப்பளம் வைத்திருக்கும் அண்ணாச்சியின் கணக்கு மென்பொருளை முடித்துக் கொடுக்க வேண்டும். தினக்கூலி, வாரப் பட்டுவாடா, முன்பணப் பிடித்தம், லாரி லோடு என்று இதுவரை நாலு நோட்டில் கிடந்ததெல்லாம் ஒரே இடத்துக்கு வரப்போகிறது. இந்த வேலையில் நானும் தென்காசியில் இருக்கும் தம்பியும் இருக்கிறோம். கூடவே, நிரல் எழுத உதவும் ஏ.ஐ. துணைவனும் உண்டு.

அந்தத் துணைவன் தனக்கென்று ஒரு நினைவுக் கோப்பு வைத்திருக்கிறது. வேலையின் நடுவே கற்றுக்கொண்டதை அதில் எழுதி வைத்து, அடுத்த நாள் படித்துவிட்டுத் தொடங்குகிறது. இன்று அதை முழுதாகப் படித்தேன். வாரக் கணக்கு சனிக்கிழமை மாலை முடியும் என்று ஒரு வரி. மழையால் வேலை இல்லாத நாளை விடுப்பாக எண்ணக் கூடாது என்று இன்னொரு வரி. இரண்டும் தங்கமான குறிப்புகள். அவற்றுக்குக் கீழே ஒரு பெண்ணின் பெயர், அவர் வாங்கிய முன்பணத் தொகை, எத்தனை வாரமாகப் பிடித்தம் இல்லை என்ற விவரம். போன வாரம் அவருடைய கணக்கில் பிடித்தம் தவறாகக் கழிவதாக அண்ணாச்சி சொல்லி, அதைச் சரிசெய்தோம். அப்போது பதிந்தது.

மூன்று வரியும் உண்மை. மூன்றும் வேலைக்கு உதவியவை. ஆனால் மூன்றையும் ஒரே ஆட்கள் படிக்கலாமா?

24 பிப்ரவரி, செவ்வாய்

இந்தக் கேள்விக்குத் துணைவனின் உருவாக்குநர்கள் ஓரளவு வழி வைத்திருக்கிறார்கள். நாங்கள் பயன்படுத்தும் கிளாட் கோட் மென்பொருளில், குறிப்பிட்ட வேலைக்கென்று நாம் அமைக்கும் துணை ஏஜென்டுகளின் நினைவுக்கு மூன்று எல்லைகள் உண்டு: பயனர், திட்டம், உள்ளூர். பயனர் எல்லை என்றால் என் கணினியில் என் கணக்குக்குள் இருக்கும். நான் செய்யும் எல்லா வேலைகளுக்கும் அதுவே வரும். திட்டம் என்றால் நிரலோடு சேர்ந்து அதே ஃபோல்டரில், அதாவது ரெப்போவில், இருக்கும். கிட் என்ற நிரல் பகிர்வுக் கருவி வழியாகக் குழுவில் உள்ள எல்லாருக்கும் போகும். உள்ளூர் என்றால் இந்தத் திட்டத்துக்கு மட்டும், என் கணினியில் மட்டும். கிட்டில் சேர்க்கக் கூடாது. எந்த எல்லையானாலும் நினைவுக் கோப்பின் முதல் 200 வரிகள் ஒவ்வொரு முறையும் தானாகவே ஏஜென்டின் முன் வைக்கப்படும். ஆகவே அங்கே எழுதப்பட்டது அலமாரியில் தூங்கும் காகிதம் அல்ல. அடுத்த வேலையில் அதுதான் முதலில் பேசும்.

பலரும் இதை ஏணிபோல எண்ணுகிறார்கள்: பயனர் எல்லை அந்தரங்கமானது, திட்டம் பொதுவானது என்று. எனக்கு அது சரியாகப் படவில்லை. திட்ட நினைவு ஒரே வேலைக்குள் பல ஆட்களிடம் போகிறது. பயனர் நினைவோ ஒரே ஆளிடம் இருந்தபடி பல வேலைகளுக்குள் போகிறது. முன்னதில் குழு பெரிதானால் ஆபத்து. பின்னதில் வாடிக்கையாளர் ஒருவருக்கு மேல் இருந்தாலே ஆபத்து. இரண்டு பக்கமும் அடைபட்டது உள்ளூர் எல்லை மட்டும்தான்.

எனக்கு இந்த அண்ணாச்சியையும் சேர்த்து உப்பு வியாபாரிகள் இரண்டு பேர் வாடிக்கையாளர்கள். இந்த அண்ணாச்சியிடம் லோடு வாங்குபவர் எந்த விலைக்கு வாங்குகிறார், எத்தனை நாள் கடன் சொல்கிறார் என்பதைத் துணைவன் ‘பயனர்’ நினைவில் எழுதிவிட்டால், நாளை மற்றவருக்கு விலைப்பட்டியல் பக்கம் வடிவமைக்கும்போது அது தானாக எட்டிப்பார்க்கும். கோப்பு என் கணினியை விட்டு அசையவே இல்லை. ஆனாலும் ஒரு வியாபாரியின் சரக்கு விவரம் போட்டியாளர் வீட்டு வேலைக்குள் நுழைந்தாயிற்று.

தானாகச் சேரும் நினைவு பெரும்பாலும் அந்தந்தக் கணினியிலேயே, திட்டவாரியாகத் தனித்தனி ஃபோல்டரில் இருக்கும்படி அமைத்திருப்பது நல்ல ஏற்பாடு. முதலில் குறுகலாக வைத்துவிட்டுப் பிறகு தேவைக்கு அகலப்படுத்தலாம். அகலமாக விட்டதைத் திரும்பக் குறுக்குவது நடக்காத காரியம்.

26 பிப்ரவரி, வியாழன்

எல்லாவற்றையும் பூட்டி வைப்பதும் தீர்வாகாது. தம்பி இன்று போனில் சொன்னான்: “யக்கா, அந்த மழைநாள் விசயம் ரெப்போலயே இருந்தனால தப்பிச்சேன். இல்லன்னா நானும் முதல்லருந்துல்லா மண்டைய உடைச்சிருப்பேன்.”

அவன் சொல்வது நியாயம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அளத்தில் வேலை நின்றுபோகும் என்பதும், அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தருகிறது என்பதும், அதைக் கூலியோடு குழப்பக் கூடாது என்பதும் தொழிலைப் பற்றிய அறிவு. யாருடைய தனிச்சொத்தும் அல்ல. தென்காசியில் இருப்பவனுக்கு அளம் எப்படி நடக்கிறது என்று தெரிய வழியில்லை. இது பரவத்தான் வேண்டும்.

புன்னைக்காயலில் படகு வைத்திருக்கும் ஒரு பெரியவர் முன்பு சொன்னது நினைவுக்கு வருகிறது. கடலடியில் வலையைக் கிழிக்கும் பாறை எங்கே இருக்கிறது என்பதை எதிரில் வரும் படகுக்கெல்லாம் சொல்வாராம். மீன் படும் இடத்தின் ஜி.பி.எஸ். புள்ளியை மகனுக்கு மட்டும்தான் தருவாராம். நினைவுக் கோப்பில் உள்ள ஒவ்வொரு வரியையும் அப்படிப் பிரித்துப் பார்க்கலாம். ஆனால் எங்கள் கோப்பில் மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. அது எனக்கும் சொந்தமில்லை, தம்பிக்கும் சொந்தமில்லை, ஒரு வகையில் அண்ணாச்சிக்கும் சொந்தமில்லை. அந்தப் பெண்ணின் கடன் அது.

1 மார்ச், ஞாயிறு

அடுத்த தெருவில் இருக்கும் சித்தி இருபது வருஷத்துக்கும் மேலாக அளத்து வேலைக்குப் போகிறார். விடியும் முன்னே கிளம்பி, வெயில் உறைக்கும் முன் உப்புச் சுமந்து முடிக்க வேண்டும். கண்ணெரிச்சலும் கால் வெடிப்பும் அந்த வேலையோடு வருபவை. சாயங்காலம் அவரிடம் இதைச் சொன்னேன், மென்பொருள் என்ற சொல்லே இல்லாமல்: உங்கள் முன்பணக் கணக்கு ஒரு கம்ப்யூட்டர் குறிப்பில் இருந்தால் பரவாயில்லையா என்று.

“எம் பேரு அதுக்குள்ள இருக்கட்டும்மா, கூலி போடணும்லா. ஆனா நா வாங்குன கடன அடுத்த அளத்துக் கங்காணி பாத்தாம்னா, என்னய வேலைக்கு எடுப்பானா?”

இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. கூலி போடுவதற்காகக் கொடுத்த விவரம் கூலி போடுவதற்கு மட்டும். நான் இரண்டு வியாபாரிகளுக்கு வேலை செய்பவள். பயனர் எல்லையில் ஒரு வரி தவறி விழுந்தால் அந்த ‘அடுத்த அளத்துக் கங்காணி’யிடம் அதைக் கொண்டு சேர்க்கும் பாதை என் மேஜைமேல்தான் இருக்கிறது. சித்திக்கு அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கவும் முடியாது, அழிக்கச் சொல்லவும் தெரியாது.

மத்திய அரசின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் நடைமுறைக்கு வரும். தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. வேலையை வெளியாளிடம் கொடுத்திருந்தாலும் பொறுப்பு அண்ணாச்சியைச் சேரும். என் கவனக்குறைவுக்கு அவர் பதில் சொல்ல நேரக் கூடாது. அபராதத்துக்குப் பயந்து மட்டும் இதைச் செய்வதும் எனக்கு உடன்பாடில்லை. சட்டமே இல்லாவிட்டாலும் சித்தி கேட்ட கேள்வி அப்படியே நிற்கும்.

3 மார்ச், செவ்வாய்

கிட் பற்றி ஒன்றைக் குறித்துவைக்க வேண்டும். திட்ட நினைவில் ஒரு வரி போய், கமிட் ஆகி, புஷ் ஆகிவிட்டால், நாளைக்கு அந்த வரியை நீக்கினாலும் பழைய வரலாற்றில் அது இருக்கும். அதற்குள் நகலெடுத்தவர்கள் எல்லாரிடமும் இருக்கும். வரலாற்றையே திருத்தி எழுதக் கருவிகள் உண்டு. ஆனால் அடுத்தவர் கணினியில் இருக்கும் நகலைத் திருத்த நம்மால் முடியாது.

கிட்கார்டியன் நிறுவனத்தின் கணக்குப்படி, 2024ஆம் ஆண்டில் மட்டும் கிட்ஹப்பின் பொது ரெப்போக்களில் புதிதாகக் கசிந்த கடவுச்சொற்களும் ரகசியச் சாவிகளும் 2 கோடியே 38 லட்சம். கடவுச்சொல்லாவது ஒரு வடிவம் உடையது. தேடும் கருவி கண்டுபிடித்துவிடும், மாற்றியும்விடலாம். ஒரு பெண்ணின் கடனைப் பற்றிய சாதாரண வாக்கியத்தை அந்தக் கருவி ரகசியம் என்று அடையாளம் காணாது. அதை மனிதர்தான் படித்துப் பிடிக்க வேண்டும்.

5 மார்ச், வியாழன்

தம்பியும் நானும் பேசி முடிவுசெய்தாயிற்று. ஏஜென்டின் நினைவு எல்லாம் உள்ளூர் எல்லையில்தான் தொடங்கும். வெள்ளிக்கிழமைதோறும் இருவரும் உட்கார்ந்து படித்து, தொழிலைப் பற்றிய வரிகளை மட்டும் கையால் திட்ட நினைவுக்கு மாற்றுவோம். பெயர், தொகை, விலை, போன் எண் இருக்கும் வரி எதுவும் மாறாது. பிழை சரியானதும் அது அழிக்கப்படும். பயனர் நினைவில் என் பழக்கங்கள் மட்டும் இருக்கும்: எப்படிச் சோதனை எழுதுவேன், மாறிகளுக்கு எப்படிப் பெயர் வைப்பேன் என்பவை. அந்த உள்ளூர் ஃபோல்டரைக் கிட் புறக்கணிக்கும் பட்டியலில் இன்றே சேர்த்துவிட்டேன்.

அந்தப் பெண்ணைப் பற்றிய வரியை, “முன்பணம் உள்ளவருக்குப் பிடித்தம் நிறுத்தப்பட்ட வாரங்களில் பாக்கி குறையக் கூடாது” என்று மாற்றி எழுதிவிட்டுப் பழையதை அழித்தேன். துணைவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். வேலை கொஞ்சமும் கெடவில்லை.

பிறர் கூலி, கடன், நோய், மதிப்பெண் சம்பந்தப்பட்ட மென்பொருள் எழுதும் தோழர்களே, உங்கள் கணினியிலும் இப்படி ஒரு நினைவுக் கோப்பு இருக்கக்கூடும். அடுத்த புஷ்ஷுக்கு முன் அதைத் திறந்து, ஒவ்வொரு வரியும் யாரைப் பற்றியது என்று கேட்டுப் படித்துவிடுங்கள்.