மழைக்காலத்து மரீன் டிரைவும் நனைந்த காலணியும்

மாதுங்கா ரோடு நிலையத்தில் மின்சார ரயில் ஏறிச் சர்ச்கேட்டில் இறங்கினால், சில நிமிட நடையில் அரபிக் கடல் தோன்றும். நாரிமன் முனையிலிருந்து மலபார் குன்றின் அடிவாரம் வரை பிறைபோல் வளைந்து கிடக்கும் அக்கடற்கரைச் சாலைக்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை என்பது அரசாங்கம் இட்ட பெயர். மக்கள் வழங்குவது மரீன் டிரைவ் என்றே. நீளம் ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர். ஒருபுறம் கடல், மறுபுறம், 2018-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற ஆர்ட் டெக்கோ மாளிகைகள். வைகறையில் நடப்போரும் ஓடுவோரும் அங்கே மிகுதி.

ஜூன் பிறந்ததும் காட்சி மாறுகின்றது. மேலிருந்து பொழியும் மழை போதாதென்று, கடல் ஏற்றத்தின்போது அலை மதிலைத் தாண்டி நடைபாதையில் விழுகின்றது. நான்முனைக் கான்கிரீட் கற்கள் அலையின் வேகத்தைத் தணிக்குமேயன்றித் திவலைகளைத் தடுக்கமாட்டா. ஏற்றம் 4.5 மீட்டரைக் கடக்கும் நாட்களில் அங்குச் செல்லாமையே அறிவுடைமை. மற்ற நாட்களில் குடை தலையைக் காக்கும். காலைக் காப்பது யார்?

ஓட்டக் காலணிக்குள் பாதத்தின்கீழ் மெத்தென்றிருக்கும் உள்ளட்டையைக் கடைக்காரர் இன்சோல் என்பர். பல காலணிகளில் அது சிறிதளவு பசையாலும் அளவின் பொருத்தத்தாலுமே நிற்கின்றது. நீர் புகுந்ததும் பசை இளகும். அடியில் நீர்ப்படலம் படரும். ஒவ்வோர் அடியிலும் பாதம் தள்ள, உள்ளட்டை நகர்ந்து விரல்களருகே சுருண்டுகொள்ளும். பின்னர்க் கொப்புளம். இளைஞர்க்கு இது இரண்டு நாள் தொல்லை. நீரிழிவால் பாத உணர்ச்சி குன்றிய பெரியோர்க்கோ, கொப்புளம் எழுந்ததே தெரியாது. அது ஆறாப் புண்ணாகவும் கூடும். மருத்துவர் சொற்படி நாள்தோறும் நடக்கும் நம் வீட்டுப் பெரியவர்களின் பாதங்களை மழைக்காலத்தில் மாலைதோறும் பார்த்தல் வேண்டும்.

இருபக்கமும் ஒட்டும் டேப்பைச் சிலர் நாடுவர். சாதாரண டேப் முதல் மழைக்கே உரிந்துவிடும். ரயில் நிலையத்தருகே அமர்ந்திருக்கும் காலணித் தொழிலாளியிடம் கொடுத்தால், குதிகால் பகுதியில் மட்டும் சொல்யூஷனை மெல்லப் பூசி, சற்று உலரவிட்டு அழுத்தித் தருவார். இரு பரப்புகளும் நன்கு உலர்ந்திருந்தாலே அது பிடிக்கும். முழுவதும் ஒட்டிவிட்டால் கழற்றி உலர்த்த இயலாது. புதிதாக வாங்குவோர், அடிப்புறம் சொரசொரப்பானதும் காலணியின் அளவுக்குச் சரியாகப் பொருந்துவதுமான உள்ளட்டையைத் தேர்க. ஒரு விரற்கடை குறைந்தாலும் நகரும். வாரை மேல் துளைவரை கோத்து இறுக்கினால் பாதம் முன்னே சறுக்குவதும் குறையும்.

கடல்நீர் பட்டதை அப்படியே உலர்த்துதல் தகாது. உப்பு ஈரத்தை ஈர்க்கும். நன்னீரில் அலசி, உள்ளட்டையைத் தனியே எடுத்து மின்விசிறிக் காற்றில் வைக்கலாம். அடுப்பருகே வைத்தால் வளைந்துவிடும். காலணிக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, நனைந்ததும் மாற்றிவந்தால் மறுநாட் காலைக்குள் பெரும்பாலும் ஈரம் வாங்கிவிடும். படித்து முடித்த தமிழ் நாளிதழ் அதற்கு மிகவும் ஏற்றது.