பாப்பாவின் சி.வி.யும் என் புலம்பலும்

என் அருமை ராசாத்திக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாப்பாவின் சி.வி. வந்தது. கூடவே உன் குரல் பதிவும் வந்தது, அதில் பாதி நேரம் செஞ்சி ரோட்டில் போகிற பஸ் ஹாரன்தான் கேட்டது என்றாலும் உன் கவலை புரிந்துவிட்டதடி. பிஎச்.டி. முடித்து வருஷம் ஆகப்போகிறது, எத்தனையோ கல்லூரிக்குப் போட்டும் ஒரு இடத்திலிருந்தும் நேர்காணலுக்குக் கூப்பிடவில்லை, சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை என்கிறாய். சொந்தக்காரர்களை விடு, அவள் படிக்கிறபோது கல்யாணம் எப்போது என்று கேட்டார்கள், இப்போது வேலை எப்போது என்று கேட்கிறார்கள், நாளைக்கு வேலை கிடைத்தால் சம்பளம் எவ்வளவு என்பார்கள்.

சி.வி.யைத் திறந்தால் பதினோரு பக்கம்! முதல் பக்கத்தில் போட்டோ, அப்பா பெயர், மதம், சாதி, ரத்த வகை, ‘திருமணம் ஆகாதவர்’. இது நம் கல்யாணத் தரகரிடம் கொடுக்கிற குறிப்போ என்று ஒரு நிமிஷம் திகைத்துவிட்டேன், ராசி நட்சத்திரம்தான் பாக்கி. சாதிச் சான்றிதழ், தமிழ்வழிச் சான்றிதழ் எல்லாம் அரசு வேலைக்கு வேண்டியவைதான், ஆனால் அதற்கு விண்ணப்பப் படிவத்திலேயே தனி இடம் இருக்கிறது. அடுத்தது ‘எனது குறிக்கோள்’ என்று எங்கிருந்தோ எடுத்துப் போட்ட நாலு வரி. அப்புறம் பக்கம் பக்கமாக வெபினார் சான்றிதழ்கள். கொரோனா காலத்தில் கூகுள் ஃபார்மை நிரப்பினாலே மெயிலில் வந்து விழுமே, அவைதான். இதையெல்லாம் தாண்டி ஏழாம் பக்கத்தில்தான் அவள் ஆராய்ச்சியே வருகிறது: ‘நிலக்கடலையில் டிக்கா இலைப்புள்ளி நோய்’, ஒரே ஒரு வரி!

எனக்கு வயிறு எரிந்ததடி. போன முறை நான் வந்தபோது கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாளே, இலையின் மேல்பக்கம் மஞ்சள் வளையத்தோடு பழுப்பாக வந்தால் முன்பருவப் புள்ளி, அடிப்பக்கம் கறுகறுவென்று வந்தால் பின்பருவப் புள்ளி, ரெண்டுக்கும் காரணம் வெவ்வேறு பூஞ்சை என்று. கடலை போட்டே பிழைக்கிற நம் கீழ்பென்னாத்தூர் பக்கத்து வயல்களில் வெயிலில் அலைந்து செய்த வேலை அது. அதைக் கல்வித் தகுதிக்கு அடுத்தபடியாக முதல் பக்கத்திலேயே கொண்டுவரச் சொல்: ஆய்வேட்டின் முழுத் தலைப்பு, பல்கலைக்கழகம், வருஷம், வழிகாட்டி பெயர், அதன் கீழே எந்தெந்த ஊர் வயல், எத்தனை பருவம், என்ன முறை, கடைசியில் என்ன தெரிந்தது என்று ரெண்டு மூணு வரி. தேர்வுக் குழுவில் உட்காருகிற நாங்கள் மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு கட்டு சி.வி. முடிக்க வேண்டும், ஏழாம் பக்கம் வரைக்கும் யாரடி புரட்டுவார்கள்?

இன்னொன்று, எந்த வேலைக்கு எதை எண்ணுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு எழுத வேண்டும். அரசுக் கல்லூரி என்றால் ஆசிரியர் தேர்வு வாரியமான டி.ஆர்.பி. வழிதான், 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது எழுத்துத் தேர்வு என்றுதானே சொன்னார்கள், அங்கே சி.வி. அழகைப் பார்த்து யாரும் மயங்குவதில்லை. மற்ற இடங்களுக்கு, பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி. 2018-இல் போட்ட விதிமுறையில் கல்லூரி உதவிப் பேராசிரியருக்கென்று ஒரு மதிப்பெண் அட்டவணை இருக்கிறது. பிஎச்.டி.க்கு 25, நெட் தகுதித் தேர்வில் தேறியிருந்தால் 8, அதோடு ஜே.ஆர்.எஃப். உதவித்தொகையும் சேர்ந்தால் மொத்தம் 10, ஆய்வுக் கட்டுரைக்குத் தலா 2 என்று அதிகபட்சம் 6, கற்பித்த அனுபவத்துக்கு வருஷத்துக்கு 2 என்று அதிகபட்சம் 10. வெபினாருக்கு அதில் ஒரு வரிகூடக் கிடையாது! இவளோ கௌரவ விரிவுரையாளராக இருந்த ரெண்டு வருஷத்தை, நாலு மதிப்பெண்ணடி, கடைசிப் பக்கத்தில் ‘இதர விவரங்கள்’ என்று ஒளித்து வைத்திருக்கிறாள். என்னென்ன பாடம் எடுத்தாள், எந்த வகுப்புக்கு எடுத்தாள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று எழுதச் சொல், வருஷம் முழுசாக இல்லாவிட்டால் அந்த விகிதத்துக்குத்தான் மதிப்பெண். இவ்வளவும் நேர்காணலுக்குக் கூப்பிடுகிற வரைக்கும்தான், அதற்குப் பிறகு நேர்காணலை வைத்துத்தான் தேர்வு என்று அதே விதிமுறை சொல்கிறது.

கட்டுரைகளைப் பார்த்தால் ஒன்பது போட்டிருக்கிறாள், ஆனால் வெளிவந்தது, ஏற்றுக்கொண்டது, அனுப்பி வைத்தது எல்லாம் ஒரே வரிசையில் கலந்து கிடக்கிறது. மூணையும் தனித்தனியாகப் பிரிக்கட்டும், இல்லாவிட்டால் பார்க்கிறவர்களுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் வரும். ஆசிரியர் பெயர்கள் இதழில் அச்சான வரிசையிலேயே இருக்கட்டும், இவள் பெயரை மட்டும் தடித்த எழுத்தில் போடட்டும், டி.ஓ.ஐ. எண்ணும் சேரட்டும். அதில் ரெண்டு, பணம் வாங்கிக்கொண்டு மறுவாரமே போட்டுவிடுகிற இதழ்கள். எடுத்துவிடச் சொல், அது இருப்பதால் நல்ல கட்டுரைக்கும் மதிப்புப் போகிறது. நல்ல இதழ்கள் இவை என்று யூ.ஜி.சி. வைத்திருந்த கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியோடு நின்றுவிட்டது, இனிமேல் இதழ் நல்லதா கெட்டதா என்று நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டுக்கும் போட்டுப் பார்க்கிறாளாமே, அங்கே பெரும்பாலும் மதிப்பெண் கணக்கு இல்லை, வேலையைத்தான் பார்ப்பார்கள். நம் ராமானுஜன் 1913 ஜனவரி 16-ஆம் தேதி கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதின கடிதத்தை நினைத்துக்கொள்ளச் சொல். சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் குமாஸ்தா, வருஷத்துக்கு இருபது பவுண்டு சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்று தன்னைப் பற்றி நாலு வார்த்தையில் முடித்துவிட்டு, பக்கம் பக்கமாகத் தேற்றங்களை இணைத்து அனுப்பினார். வயசைக்கூட ஏறக்குறைய 23 என்று போட்டிருந்தார், அப்போது 25 முடிந்துவிட்டது! ஹார்டி வயசையா பார்த்தார்?

கடைசியில் ‘மேற்கண்ட விவரங்கள் உண்மை என உறுதி கூறுகிறேன், இடம், நாள்’ என்று ஒன்று இருக்கிறது, அதையும் தூக்கிவிடலாம். அந்த இடத்தில் பரிந்துரைக்கக் கூடியவர்கள் மூணு பேர் பெயரும் மெயிலும் போதும். ஆனால் கேட்காமல் யார் பெயரையும் போடக் கூடாது. அந்த வழிகாட்டி ஒரு கையெழுத்துக்கு இவளை எத்தனை நாள் வாசலில் நிற்க வைத்தார் என்று எனக்கும் தெரியும், நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. இருந்தாலும் அவர் பெயர் இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று முதல் கேள்வியே அதுவாகத்தான் வரும். நேரில் போய், திருத்தின சி.வி.யைக் கையில் கொடுத்து, ‘உங்கள் பெயரைப் போடலாமா சார்’ என்று கேட்கட்டும். முகம் சுளித்தால் ஆய்வுக் குழுவில் இருந்த இன்னொருவரைப் பிடிக்கலாம்.

திருத்தினதும் எனக்கு அனுப்பச் சொல், நாலைந்து பக்கத்துக்கு மேல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போன் பண்ணட்டும். மற்ற நாளெல்லாம் விடைத்தாள் திருத்தும் முகாம், அங்கே மின்விசிறி ஓடினால் காகிதம் பறக்கிறது, நிறுத்தினால் உயிர் போகிறது, அந்தக் கதையை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

உன் அன்புத் தோழி