கேள்விக்குறிகளான கோப்பு

கோப்பைத் திறந்தபோது ஒரு தமிழெழுத்துகூட இல்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை கேள்விக்குறிகள். இடையிடையே இருந்த எச்டிஎம்எல் குறிகள் மட்டும் அப்படியே நின்றன.

உயர்நிலை மூன்றில் படிக்கும் அந்த மாணவி, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து தட்டெழுதியவை அவை. தாத்தா பதினெட்டு வயதில் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர். 1968 டிசம்பரில் அந்தப் பட்டறை பிரிட்டிஷ் கடற்படையிடமிருந்து சிங்கப்பூர் அரசின் கைக்கு மாறியதை உள்ளே இருந்து பார்த்தவர். தமிழ்மொழி மாதத்திற்காக ஆளுக்கோர் இணையப்பக்கம் செய்யும்படி பள்ளியின் கணினி மன்றத்தில் சொன்னார்கள். அவள் தாத்தாவின் கதையைத் தேர்ந்தெடுத்தாள்.

அண்ணன் தேசிய சேவைக்குப் போகும்போது விட்டுச்சென்ற பழைய மடிக்கணினிதான் அவளுடையது. அதில் ஏற்கெனவே இருந்த எளிய குறிப்பெழுதும் செயலியில் எழுதினாள். சேமிக்கும்போது ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. அப்படிப்பட்ட எச்சரிக்கைகளைப் பலரும் எப்படிப் படிப்பார்களோ, அவளும் அப்படித்தான் படித்தாள். 'சரி' என்பதை அழுத்திவிட்டாள்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். அந்தச் செயலி பயன்படுத்திய பழைய குறியாக்க முறையில் 256 எண்களுக்கு மட்டுமே இடம். ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் அதில் அடங்கிவிடும். யூனிகோட் பட்டியலில் 'த' எழுத்தின் எண் 2980. அதற்கு அங்கே இடமில்லை. இடம் கிடைக்காத ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாகச் செயலி 63 என்ற எண்ணை எழுதிவைத்தது. 63 என்பது கேள்விக்குறி. 'த'வும் 63, 'க'வும் 63 என்று ஆனபிறகு, எது எதுவாக இருந்தது என்று எந்தக் கணினியாலும் சொல்ல முடியாது.

"நிரல் எழுதுவதற்கென்றே உள்ள செயலிக்கு மாறிவிடு," என்றார்கள் மன்றத்தில். எந்தச் செயலிக்கு என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி.

பெரும்பாலோர் விஷுவல் ஸ்டுடியோ கோட் என்றார்கள். மைக்ரோசாஃப்ட் 2015இல் அறிமுகப்படுத்திய அது இலவசம். பாதிச் சொல்லை எழுதினால் மீதியை எடுத்துக்கொடுக்கும். தமிழையும் ஒழுங்காகச் சேமிக்கும். ஆனால், அது தனக்குள் ஓர் இணைய உலாவியின் இயந்திரத்தையே சுமந்துகொண்டு இயங்குவது. அண்ணனின் மடிக்கணினியில் இருந்ததோ 4 கிகாபைட் நினைவகம். அந்தச் செயலியையும் உலாவியையும் ஒன்றாகத் திறந்தால் விசிறி இரைந்தது. தட்டிய எழுத்து தாமதித்தே திரைக்கு வந்தது. ஒருவர் பரிந்துரைக்கும்போது அவருடைய கணினியும் அந்தப் பரிந்துரைக்குள் ஒளிந்திருக்கிறது.

மூத்த மாணவர் ஒருவர் விம் கட்சி. 1991இல் வெளியான விம், எவ்வளவு பழைய கணினியிலும் ஓடும். ஆனால், திறந்தவுடன் எழுத முடியாது. தொடக்கத்தில் ஒவ்வொரு விசையும் ஒரு கட்டளை. 'எக்ஸ்' அழுத்தினால் ஓர் எழுத்து அழியும். 'ஐ' அழுத்தினால்தான் எழுதும் நிலைக்குப் போகலாம். அதிலிருந்து வெளியேறுவது எப்படி என்பது நிரலாளர்களிடையே பழைய நகைச்சுவை.

வெளியேறும் வழியை அவள் ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். அவளுக்கு வந்த சிக்கல் வேறு. தமிழில் ஒரு வரி எழுதிவிட்டுக் கட்டளை நிலைக்குத் திரும்பினாலும் விசைப்பலகை தமிழிலேயே இருந்தது. 'எக்ஸ்' விசையைத் தட்டினால் விம்மிடம் போய்ச் சேர்ந்தது ஒரு தமிழெழுத்து. அப்படியொரு கட்டளை அதற்குத் தெரியாது. வரிக்கு வரி விசைப்பலகையை மாற்ற வேண்டியிருந்தது.

"நான் அதில் தமிழ் எழுதிப் பார்த்ததே இல்லை," என்று மூத்த மாணவர் ஒப்புக்கொண்டார்.

கடைசியில் அவள் நிறுவியது நோட்பேட் பிளஸ் பிளஸ். 2003ஆம் ஆண்டிலிருந்து இருந்துவருவது, விண்டோஸ் கணினியில் மட்டும் இயங்குவது. மன்றத்தில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. விசிறி இரையவில்லை என்பதே அவளுக்கு முதலில் பிடித்தது. எச்டிஎம்எல் குறிகள் ஒரு நிறத்திலும் தாத்தாவின் சொற்கள் வேறு நிறத்திலும் தெரிந்தன. மேற்கோள்குறி ஒன்றை மூட மறந்தால், அதற்குப் பின்னால் வருபவை நிறம் மாறிப்போகும். பிழை எங்கே தொடங்கியது என்று கண் தானாகவே போய் நிற்கும். எல்லாவற்றையும்விட, சாளரத்தின் கீழ் ஓரத்தில் 'யூடிஎஃப்-8' என்று எழுதியிருந்தது. தமிழெழுத்து எதையும் இழக்காமல் சேமிக்கும் குறியாக்கம் அது.

"நாளைக்கு அந்தச் செயலியே நின்றுபோனால் என்ன செய்வாய்?" என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான். 2014இல் வெளிவந்து பலருக்குப் பிடித்திருந்த ஆட்டம் என்ற செயலி 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. அதில் எழுதிய கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவை வெறும் எழுத்துகள், வேறெதிலும் திறக்கும். அவள் தன் கோப்பை விரலியில் எடுத்துப்போய்ப் பள்ளிக் கணினியில், விஷுவல் ஸ்டுடியோ கோடில், திறந்து பார்த்தாள். எல்லா எழுத்தும் இருந்தன. நிறங்கள் மட்டும் வேறு.

அப்படியானால் எதில் எழுதினால் என்ன என்று சிலர் சொன்னார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை இழக்காதவர்கள் அப்படிச் சொல்லலாம்.

தாத்தாவிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது.

"நீங்கள் சொன்னதெல்லாம் அழிந்துவிட்டது, தாத்தா. என் தவறுதான்."

"சொன்னவன் இங்கேதானே இருக்கிறேன். உட்கார், அம்மா."

அவர் மறுபடியும் சொன்னார். ஆனால், அதே கதையைச் சொல்லவில்லை. இம்முறை அவருடைய அப்பாவின் மிதிவண்டி வந்தது. வேலை போனதும் ஊருக்குக் கப்பலேறிய நண்பர் வந்தார். முதல்முறை அரைமணி நேரம் விவரித்த, கப்பலின் அடிப்பகுதியைச் சுரண்டிச் சாயம் பூசிய இரவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவள் நினைவூட்டினாள்.

"அதையா சொன்னேன்?" என்று அவர் யோசித்தார். "என்ன சொன்னேன்?"

அவளுக்குப் பாதிதான் நினைவிருந்தது. அந்தப் பாதியை எழுதினாள். தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். தம் பேச்சுக்கு முன்னும் பின்னும் கோண அடைப்புக்குறிகள் நிற்பதைக் கண்டு, "என் பேச்சுக்கு ஏன் இத்தனை வேலி?" என்று கேட்டார்.

"பத்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று உலாவிக்குச் சொல்வதற்கு, தாத்தா."

"சரி, இந்தப் பத்தியை இன்னும் மூடாதே," என்றார் அவர். "அந்த நண்பன் பிறகு ஒரு கடிதம் போட்டான்."

அவள் சாளரத்தின் கீழ் ஓரத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சேமித்தாள். பிறகு, விட்ட இடத்திலிருந்து தட்டெழுதத் தொடங்கினாள்.