கேட்காமலே கிடைத்தவை

வானொலி அறிவிப்பாளரின் வாயில் தேய்ந்துபோகும் சொல் 'நன்றி'. நேயர் அழைத்தால் நன்றி, விளம்பர இடைவேளைக்கு முன் நன்றி, நிகழ்ச்சி முடிவில் மறுபடியும் நன்றி. அந்தச் சொல்லின் எடையை எனக்குக் காட்டியது ஒலிபரப்புக்கூடம் அல்ல, எங்கள் வீவக வீட்டின் சின்னப் பூசை அலமாரி.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்பாவின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. நீண்டகால நீரிழிவுதான் காரணம். வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் ரத்தச் சுத்திகரிப்பு. 30 ஆண்டுகள் பேருந்து ஓட்டியவர், இப்போது அம்மா அளந்து வைக்கும் ஒரு போத்தல் தண்ணீரில் நாளை ஓட்டுகிறார். கோயில் பிரசாதத்திலும் கட்டுப்பாடு. வாழைப்பழத்திலும் இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். பழுதான சிறுநீரகத்தால் அதைச் சரியாக வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் கூடினால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். அதனால் பிரசாதத்தைக் கையில் வாங்கிக் கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவார்.

நம் பக்தியில் நன்றிக்கு ஓர் அழகான பெயர் உண்டு: நேர்த்திக்கடன். வேலை கிடைத்தால் காவடி, பிள்ளை பிறந்தால் முடியிறக்கு. வேண்டினோம், நடந்தது, கடனைத் தீர்த்தோம். கணக்கு சரி. வேண்டியது நடக்காத வீட்டில் இந்தக் கணக்கை எப்படிப் போடுவது?

அப்பா குணமாக வேண்டும் என்றுதான் அம்மா வேண்டிக்கொண்டார். குணமாகவில்லை. ஆனாலும் கடந்த தைப்பூசத்தில் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை அம்மா பால்குடம் சுமந்து நடந்தார். முன்பு அதே பாதையில் காவடி எடுத்த அப்பா, டேங்க் ரோட்டில் காத்திருந்தார்.

"வேண்டுதல்தான் பலிக்கலையே, எந்தக் கடனைப்பா தீர்க்கிறீங்க?" என்று கேட்டேன்.

"கேட்டு வாங்கினதுக்கு இல்லம்மா. கேட்காமலே வந்துச்சே, அதுக்கு" என்றார்.

கேட்காமல் வந்தது என்ன என்பதற்கு அவரிடம் ஒரு பட்டியலே இருக்கிறது. இரவில் விளக்கின் முன் நின்று, பெயர் சொல்லித்தான் நன்றி சொல்வார். ஒரே குத்தில் ஊசியை ஏற்றிய தாதி. மின்தூக்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு, அவர் மெல்ல நடந்து வரும்வரை காத்திருந்த அடுத்த வீட்டு மலாய் மக்சிக். காலையில் வற்றியிருந்த கால் வீக்கம். "சும்மா எல்லாத்துக்கும் நன்றின்னா முருகனுக்கு எதுன்னு தெரியும்?" என்பார்.

எல்லா நாளும் இப்படிப் போவதில்லை. ரத்த அழுத்தம் இறங்கி, தசைப்பிடிப்பில் துடித்துவிட்டு வரும் நாளில் முருகனுக்குத் திட்டுதான் விழும். அதற்கும் நம் மரபில் இடம் உண்டு. கண்பார்வை போனபோது சுந்தரர் இறைவனிடம் சண்டை போட்டே பாடியதாகப் பெரிய புராண மரபு சொல்கிறது. அந்தப் பதிகங்களைத் திருமுறையிலிருந்து யாரும் நீக்கிவிடவில்லை. மனத்தாங்கலைச் சொல்ல முடிகிற இடத்தில்தான் நன்றியும் உண்மையாக வரும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நலம் விசாரிக்க வருபவர்களில் சிலர், "உங்களைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனை பேர் இருக்காங்க, நன்றியோட இருங்க" என்று ஆறுதல் சொல்வார்கள். அப்பா சிரித்துத் தலையாட்டுவார். எனக்குத்தான் சுருக்கென்று இருக்கும். துன்பத்தில் இருப்பவர் தானாகச் சொல்லும்போது நன்றி ஒரு வழிபாடு. அடுத்தவர் அவரிடம் அதை வற்புறுத்தும்போது அது வாயடைப்பு. பார்க்கப் போகிறவர்கள் உப்பு குறைத்த ஒரு வேளைச் சாப்பாட்டைக் கொண்டுபோகலாம். அல்லது ஒரு நாள் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் துணையாகப் போய் உட்காரலாம்.

திருவள்ளுவர் செய்ந்நன்றி அறிதலை 11ஆம் அதிகாரமாக இல்லறவியலில் வைத்திருக்கிறார், துறவறவியலில் அல்ல. வாடகை, வேலை, மருந்துச் சீட்டு, பிள்ளைகளின் தேர்வு என்று ஓடும் வீட்டுக்குள்தான் நன்றி பழக வேண்டியிருக்கிறது. அதற்குப் பெரிய விரதம் எதுவும் வேண்டாம். விளக்கேற்றும்போது அன்றைய நாளில் நமக்கு உதவிய ஒருவரின் பெயரைச் சொன்னால் போதும். பிள்ளைகளையும் ஒரு பெயர் சொல்லச் சொல்லலாம். பெயர் கிடைக்காத நாளில் சும்மா கும்பிட்டுவிட்டுத் தூங்கலாம், சாமி கோபித்துக்கொள்ளாது.

தீபாவளிக்கு மறுவாரம், ஒரு டப்பா முறுக்கோடு அப்பா சுத்திகரிப்புக்குக் கிளம்பினார். ஊசி போடும் அந்தத் தாதிக்காம்.

"சாமிகிட்டதான் தினமும் சொல்றீங்களே" என்றேன்.

"சாமிகிட்ட சொன்னா போதுமா? அந்தப் பிள்ளைக்கும் தெரியணும்ல" என்றபடி செருப்பை மாட்டிக்கொண்டார்.