மான் ஏறிய மலை

முதல் ஆல்பத்துக்குச் சொந்த ஊர்ப் பெயரை வைக்க ஒரு தெனாவட்டு வேண்டும். 2005-ல் ரூடி வாலாங்கும் டிப்ரிட்டி கர்பாங்கரும் அதைச் செய்தார்கள். ஆல்பத்தின் பெயர் 'ஷில்லாங்'. குழுவின் பெயர் சோல்மேட். வாசிப்பது ப்ளூஸ். மிசிசிப்பி ஆற்றோரப் பருத்திக்காட்டில் கறுப்பின மக்களின் வியர்வையிலும் வசவிலும் முளைத்த இசையை மேகாலயாவின் மலையுச்சியில் உட்கார்ந்து வாசித்துவிட்டு, அதற்கு 'ஷில்லாங்' என்று பெயர் வைத்தால் கேட்கிறவன் சும்மா இருப்பானா? "உனக்கென்ன பாத்தியதை?" என்று கேட்கத்தான் செய்வான்.

நானும் கேட்டேன். பெங்களூரில் கோடு அடித்துக் கொண்டிருந்த காலத்தில் அறைத்தோழன் ஒருவன் பென்டிரைவில் இந்தப் பாட்டுகளைக் கொடுத்தான். நான் வத்திராயிருப்புக்காரன். எனக்குப் பாட்டென்றால் சினிமாப்பாட்டுதான். ஹீரோ இல்லாமல், சிச்சுவேஷன் இல்லாமல், இயக்குநர் யாரும் கேட்காமல் ஒரு மனுஷன் ஏன் பாட்டு எழுதுகிறான் என்பதே புரிபடவில்லை. 2003-ல் தொடங்கிய குழு 2005-ல் 'ஷில்லாங்', 2009-ல் 'மூவிங் ஆன்', 2014-ல் 'டென் ஸ்டோரீஸ் அப்' என்று பதினோரு வருடத்தில் மூன்று ஆல்பம் போட்டது. கோடம்பாக்கக் கணக்கில் இது ஒரு வருட வேலைகூட இல்லை. ஆனால் இந்த மூன்றுக்கும் பின்னால் எந்தப் படமும் கிடையாது. பாட்டு பிடிக்காவிட்டால் நடிகர் மேல் பழியைப் போட முடியாது.

ரூடி வாலாங் வேகமாக வாசிக்கத் தெரியாதவர் இல்லை. ஷில்லாங்கின் பழைய குழுக்களில், லூ மஜாவோடு 'கிரேட் சொசைட்டி'யில், வாசித்துப் பழுத்த கை. லூ மஜா என்பவர் 1972 முதல் ஆண்டுதோறும் மே 24-ஆம் தேதி பாப் டிலனின் பிறந்தநாளை அந்த ஊரில் கச்சேரியாகக் கொண்டாடுகிற மனிதர். அப்படிப்பட்ட ஊர். ஆனால் சோல்மேட் பதிவுகளில் ரூடி அடக்கி வாசிக்கிறார். டிப்ரிட்டி ஒரு வரி பாடி மூச்சு வாங்கும் இடைவெளியில் மட்டும் கிட்டார் பதில் சொல்லும். சில சமயம் ஒரே ஒரு ஸ்வரம். கம்பியை விரலால் பக்கவாட்டில் தள்ளி, ஸ்வரத்தைப் பாதி தூரம் ஏற்றி, அங்கேயே நிறுத்தி வைக்கிறார்.

இன்ஜினியரிங் படித்த புத்தி, இதை அளந்து பார்க்காமல் விடாது. 'ஏ' ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால், அதன் மேல் சோகமான மூன்றாம் ஸ்வரம் 523-ல் இருக்கிறது, சந்தோஷமானது 554-ல். பியானோவில் ஒன்று இது, இல்லை அது. நடுவில் கட்டையே கிடையாது. ப்ளூஸ் குடியிருப்பது அந்த நடுவில். அழுகையா சிரிப்பா என்று முடிவாகாத முப்பது ஹெர்ட்ஸ். வீணையில் கம்பியை இழுத்துக் கமகம் கொடுப்பதும் கைவேலை என்ற அளவில் இதேதான் என்பதால் நம் காதுக்கு அது அந்நியமாகப் படுவதில்லை. இதே முப்பது ஹெர்ட்ஸை நான் வேறொரு இடத்தில் கேட்டிருக்கிறேன். துஷ்டி வீட்டில்.

அம்மாச்சி ஒப்பாரிக்குப் பேர் போனவள். கூமாப்பட்டி, கிருஷ்ணன்கோவில் வரைக்கும் ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். ப்ளூஸ் பாட்டில் முதல் வரியை ஒரு தடவை பாடி, அதையே இன்னொரு தடவை பாடி, மூன்றாவது வரியில் விஷயத்தைப் போட்டு உடைப்பார்கள். திரும்பப் பாடுகிற நேரத்தில் அடுத்த வரி மனசுக்குள் தயாராகிவிடும். அம்மாச்சியும் அதைத்தான் செய்வாள். ஒரே அடியில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி, தங்கத்தை வெள்ளியாக்கித் திரும்பப் பாடுவாள். கேட்கிற பொம்பளைகள் மூக்கைச் சிந்தும் நேரத்தில் அவளுக்கு அடுத்தது சிக்கிவிடும். எழுதப் படிக்கத் தெரியாது. உட்கார்ந்த இடத்தில் கட்டுவாள்.

போனில் பதிவு பண்ணலாமா என்று ஒருநாள் கேட்டேன். "செத்த வீட்டுப் பாட்ட நல்ல நாளும் அதுவுமா வீட்டுல பாடச் சொல்றியே, வெளங்குமாய்யா?" என்றாள். சரி, துஷ்டி வீட்டிலேயே பண்ணலாமா? "அழுவுறத எவனாவது பெட்டில புடிப்பானா?"

அமெரிக்காவில் பிடித்தார்கள். ராபர்ட் ஜான்சன் 1936-லும் 1937-லும் டெக்ஸாஸில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து 29 பாட்டுகளைப் பதிவு செய்தார். 1938-ல், 27 வயதில், செத்துப் போனார். அந்த 29 இல்லையென்றால் இன்று அவர் டெல்டா பக்கத்து யாரோ ஒரு கிட்டார்க்காரர். அவரோடு அதே தெருமுனைகளில் வாசித்து, ஸ்டூடியோ வாசலையே மிதிக்காமல் போனவர்கள் எத்தனை பேரோ. இசைத்தட்டில் ஏறியது பேர் பெற்றது. ஏறாதது போயே போய்விட்டது. இத்தனை தெரிந்தும் அம்மாச்சி சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒப்பாரிக்கு ஆள் வேண்டும், பிணம் வேண்டும், எதிரே பழைய பகையோடு நிற்கிற கொழுந்தன் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஆபீசில் மேனேஜர் முதல் நேற்றுச் சேர்ந்தவன் வரை சலித்துக்கொள்ளும் ஒரு வார்த்தை 'கூலிக்கு மாரடிக்கிறது'. கூலிக்கு மாரடித்தவர்கள் யார், எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள், திரும்பும்போது பண்ணையார் வீட்டில் எந்த வாசலில் நின்று நெல் வாங்கினார்கள் என்பது சொல்கிறவனுக்குத் தெரியாது. ப்ளூஸுக்கும் எங்கள் பக்கத்து ஒப்பாரிக்கும் உறவு என்று நான் நினைப்பது ராகத்தை வைத்து மட்டும் இல்லை.

சோல்மேட் பாடியவற்றில் 'சியர் லபலங்' என்று ஒன்று இருக்கிறது. காசி மக்களின் பழங்கதை. சமவெளியில் தாயோடு வாழ்ந்த ஒரு கலைமான், மலையில் விளையும் ஒரு கீரையைத் தின்ன ஆசைப்படுகிறது. போகாதே என்கிறாள் தாய். கேட்காமல் ஏறுகிறது. வேட்டைக்காரர்களின் அம்பு விழுகிறது. மகனைத் தேடி வந்த தாய் பிணத்தின் முன் நின்று அழுகிறாள். அந்த அழுகையைக் கேட்டுத்தான், செத்தவர்களுக்காக எப்படி அழுவது என்று மனுஷர்கள் கற்றுக்கொண்டார்களாம். கொன்றவர்களே கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் இந்தக் கதையில் என்னை உலுக்குகிற இடம். எங்கள் ஊரில் மேற்கே பார்த்தால் சதுரகிரி மலை. மிளா இறங்கி வரும் காடு. மானுக்கும் மலைக்கும் அம்புக்கும் எனக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

இந்த இடத்தில் பாத்தியதைக் கேள்வி பிசுபிசுத்துவிடுகிறது. மிசிசிப்பியிலிருந்து இரவல் வாங்கிய கிட்டாரை வைத்துக்கொண்டு காசித் தாயின் ஒப்பாரிக்குத் திரும்பி வருகிறார்கள். ஆனால் எல்லாப் பாட்டும் இந்த உயரத்தில் இல்லை. சில ஆங்கில வரிகள் ப்ளூஸ்காரர்கள் நூறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் காதல் புலம்பலைத் தாண்டுவதில்லை. டிப்ரிட்டியின் தொண்டை இருப்பதால் தப்பிக்கின்றன. 2007-ல் மெம்ஃபிஸில் நடந்த சர்வதேச ப்ளூஸ் போட்டிக்கு இந்தியாவிலிருந்து போனவர்கள் இவர்கள். பின்னால் மும்பை மஹிந்திரா ப்ளூஸ் விழாவிலும் வாசித்தார்கள். அது நடப்பது மெஹ்பூப் ஸ்டூடியோவில். சினிமாவே வேண்டாம் என்று ஓடினாலும் கச்சேரிக்குக் கிடைப்பது சினிமா ஸ்டூடியோதான்!

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாச்சிக்கு ஒரு சோல்மேட் பாட்டைப் போட்டுக் காட்டினேன். மொச்சை உரித்துக்கொண்டே கேட்டாள். 'யாருக்காக அழுகிறாள்' என்று கேட்பாள் என நினைத்தேன். "இந்தப் புள்ள யாரையோ ஏசுது" என்றாள். "அந்தப் பெட்டி அவளுக்கு ஒத்து ஊதுது."

ஏசுகிறாள்தான். ஒப்பாரியில் பாதி ஏச்சு என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். நகையைப் பிடுங்கிக்கொண்ட நாத்தனார், பங்கு கொடுக்காத அண்ணன், குடித்தே செத்த புருஷன் எல்லோருக்கும் அங்கே விழும். பிணத்தின் முன்னால் பாட்டாகச் சொன்னதற்கு யாரும் சண்டைக்கு வர முடியாது. டிப்ரிட்டியின் குரலைச் சோகம் என்றே இத்தனை நாள் கேட்டுவந்தேன். அதன்பின் கேட்கும்போது கோபம் முதலில் வருகிறது, சோகம் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறது. ரூடி ஏன் அவ்வளவு இடம் விட்டு வாசிக்கிறார் என்பதும் புரிகிறது. ஏசுகிறவளை இடைமறிக்கக் கூடாது. "ஆமா, சொல்லு" என்று மட்டும் சொல்ல வேண்டும்.

கேட்கத் தொடங்குகிறவர்கள் கடைசியிலிருந்து வாருங்கள். 'டென் ஸ்டோரீஸ் அப்' முதலில், பிறகு 'மூவிங் ஆன்', அப்புறம் 'ஷில்லாங்'. போன் ஸ்பீக்கரில் வேண்டாம், பேஸ் கிட்டார் செத்துப்போகும். அம்மாச்சிக்கு அதில்தான் போட்டேன், அவளுக்கு அது ஒரு குறையாகப் படவில்லை.