நிரோணாவின் மணிகள்

குஜராத்தின் பூஜ் நகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் நிரோணா. அதற்கு வடக்கே பன்னி புல்வெளி, அப்பால் ரண் என்னும் உப்புவெளி. எங்கள் மேல்மலையனூரிலிருந்து இத்தனை தூரம் வந்தால் இங்கேயும் மண்டிக் கிடக்கிறது நம்மூர்ச் சீமைக்கருவேலம்.

ஊருக்குள் நுழைந்ததும் சுத்தியல் சத்தம். சிந்துவிலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறிய லோஹார்கள் இங்கே கால்நடைகளுக்குக் கழுத்து மணி செய்கிறார்கள். பழைய இரும்புத் தகட்டை அடித்து வளைத்து, விளிம்புகளை ஒன்றுக்குள் ஒன்று மடித்துப் பூட்டுகிறார்கள், பற்றவைப்பே கிடையாது. களிமண் குழம்பில் தோய்த்து, செம்பு, பித்தளைப் பொடியோடு வெண்காரம் சேர்த்துப் பூசுகிறார்கள். பஞ்சு கலந்த களிமண்ணைச் சப்பாத்தி போலத் தட்டி, அதில் பொதிந்து உலையில் வைக்கிறார்கள். பொடி உருகி இண்டு இடுக்கெல்லாம் ஓடிப் பிடித்துக்கொள்கிறது. ஆறிய மண்ணை உடைத்தால் இரும்பு இருந்த இடத்தில் செம்பொன் நிறம்! கண்ணை எடுக்க முடியவில்லை.

மணி செய்த பெரியவருக்கோ நிறம் பொருட்டே இல்லை. மர நாக்கைக் கட்டி, காதருகே பிடித்து ஆட்டினார். புருவம் சுருங்கியது. விளிம்பில் மெல்ல ஒரு தட்டு, மறுபடி காது, மறுபடி தட்டு. எனக்கு முதலிலேயே இனிமையாகத்தான் கேட்டது.

“இது எருமைக்கு. ராத்திரியில் மேயும். இருட்டில் தன் மாடு எது என்று மேய்க்கிறவருக்குத் தெரிய வேண்டாமா?”

பன்னி எருமைகள் இரவெல்லாம் புல்வெளியில் மேய்ந்துவிட்டு விடியலில் தாமாகவே வீடு திரும்பும். 2010-இல் தனி இனமாக அங்கீகாரம் பெற்றவை. கண்ணுக்கு எட்டாத மந்தையைக் காதால் காக்கிறார்கள் மால்தாரி மேய்ப்பர்கள். அந்தக் காதுக்காகத்தான் இத்தனை தட்டும்.

எங்கள் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை இரவு ஊஞ்சல் உற்சவத்துக்கு முன், பம்பைக்காரர் கயிற்றை இறுக்கித் தோலைத் தட்டிப் பார்க்கும்போது இதே முகத்தைப் பார்த்திருக்கிறேன். எத்தனை நெரிசலிலும் அவர் அவசரப்பட மாட்டார்.

அடுத்த தெருவில் வாடா சமூகத்தார் அரக்கு ஏற்றிய மரக் கரண்டிகள் கடைகிறார்கள். அதுவும் அழகுதான், என் மனமோ மணியிலேயே நின்றுவிட்டது.

பெரியவரிடம் மணி ஒன்று கேட்டேன். “எந்த மாட்டுக்கு?” என்றார்.

“வாசல் கதவுக்கு.”

கதவுக்குத்தானே என்று விட்டுவிடவில்லை. சிறியதாக ஒன்றை எடுத்து, அதற்கும் காது கொடுத்து, திருப்தியாகும்வரை விளிம்பைத் தட்டிய பிறகுதான் விலை சொன்னார்.