கதினாவுக்கு முத்திரை கிடையாது

கொதிகலன் குழாய்களில் விரிசல் பார்ப்பது என் தொழில். ஆனால் குமரி மாவட்டத்தில் திருவிழாக் காலம் நெருங்கினால் வேறொரு வேலையும் வந்து சேரும். கோயில் அறையில் கிடந்த கதினாவைச் சாக்கில் சுற்றி எடுத்துவந்து, "இது இன்னும் தாங்குமா, பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி" என்பார்கள்.

கருமருந்தை இட்டு, மேலே செங்கல் பொடியைக் கெட்டித்து, அடியிலுள்ள திரித்துளை வழியாகத் தீ வைக்கிற இரும்புக் குழல் அது. குண்டு கிடையாது, சத்தம் மட்டும்தான். அதனால் பீரங்கி அளவுக்குப் பயமில்லை என்று நினைக்கிறார்கள். இடித்து இறுக்கிய செங்கல் பொடிதான் அங்கே குண்டின் வேலையைச் செய்கிறது. அது கிளம்பும்வரை அழுத்தம் முழுவதும் சுவரின்மேல். இடிக்கிற கை எவ்வளவு பலமோ, அழுத்தமும் அவ்வளவு ஏறும்.

எதைப் பார்ப்பதற்கும் முன்னால், உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்ப்பேன். "இல்லை" என்ற பதிலை நம்புவதில்லை. ஒரு மரக்குச்சியை அடிவரை விட்டு அடையாளம் வைத்து, அதே குச்சியை வெளிப்பக்கம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். திரித்துளை வரை எட்டவில்லை என்றால் தண்ணீரில் ஊறப்போடுவதுதான் அடுத்த வேலை.

பிறகு, எதில் செய்தது என்ற கேள்வி. சாணைக்கல்லில் லேசாகத் தொட்டால் வார்ப்பிரும்பு குட்டையாக, மங்கிய சிவப்பில் பொறி விடும். மைல்டு ஸ்டீல் நீளமாக, மஞ்சளாக விடும். எஃகு என்றால் பெரும்பாலும் உப்பிக் காட்டிவிட்டுத்தான் கிழியும். வார்ப்பிரும்பு அந்த மரியாதையைக் கூடக் காட்டாது.

எனக்கு அதிகக் கவலை தருவது, பட்டறையில் தண்ணீர்க் குழாயை வெட்டி, அடியில் தகடு வைத்து வெல்டிங் அடித்தவை. உள்ளே விரலை விட்டுத் தடவினால் நீளவாக்கில் ஒரு தழும்பு நெருடும். தகட்டைச் சுருட்டி ஒட்டிய குழாய் என்று அர்த்தம். அடைபட்ட குழலைக் குறுக்கே அறுக்கிற இழுவையைவிட நெடுக்கே கிழிக்கிற இழுவை இரண்டு மடங்கு. அந்த ஒட்டும் நெடுக்கேதான் ஓடுகிறது. அடித்தகட்டைச் சுற்றியுள்ள வெல்டிங்கும் பெரும்பாலும் மேல்பூச்சுதான். அதற்குப் பின்னால் இருக்கும் இடுக்கில் மருந்துக் கசடு போய்த் தங்கும். அந்தக் கசடு ஈரத்தை இழுக்கிற உப்பு. இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில், கழுவாமல் வைத்த குழாய் அடுத்த திருவிழாவரை உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். தடிமன் அளக்கும் கருவி நான் தொட்ட இடத்தின் அளவைத்தான் சொல்லும். கிழிவதோ ஆழமான அரிப்புக்குழியில்.

"சுவர் நல்ல தடிமனா இருக்குல்லா?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1844 பிப்ரவரி 28 அன்று பொட்டோமாக் ஆற்றில், பிரின்ஸ்டன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் இருந்த 'பீஸ்மேக்கர்' பீரங்கி வெடித்தது. 12 அங்குல வாய், பெருந்தடிமனான தேனிரும்பு. வெளியுறவுச் செயலர் ஏபெல் அப்ஷர், கடற்படைச் செயலர் தாமஸ் கில்மர் உட்பட ஆறு பேர் இறந்தார்கள். அதிபர் ஜான் டைலர் கீழ்த்தளத்தில் இருந்ததால் தப்பினார். அன்றைக்கே அதற்கு முன்பு அது ஒழுங்காகச் சுட்டிருந்தது. காய்ச்சி அடித்து ஒட்டிய இரும்புதான் உள்ளே சரியாகப் பிடிக்கவில்லை.

"எங்க அப்பா காலத்துல இருந்து போடுதோம், ஒண்ணும் ஆகல" என்பதை நான் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை. குழாயின் வயதுக்கணக்காகத்தான் எழுதிக்கொள்வேன். ஒவ்வொரு வெடியும் விரிசலை மயிரிழை நீட்டிவிட்டுப் போகிறது.

அந்த மயிரிழையைக் காட்டுவது டை பெனட்ரன்ட். வெந்நீரில் கழுவி, துருவைக் கம்பித்தூரிகையால் எடுத்து, காயவிட்டு, திரித்துளையைச் சுற்றிச் சிவப்புச் சாயத்தை அடித்துக் காத்திருக்க வேண்டும். துடைக்கும்போது கிளீனரை நேரே அடிக்கக் கூடாது. அடித்தால் விரிசலுக்குள் போன சாயமும் வெளியே வந்துவிடும். துணியில் நனைத்துத்தான் துடைப்பேன். மேலே வெள்ளை டெவலப்பர். சிறிது நேரத்தில் அந்த வெள்ளையில் சிவப்பு ஊறி வரும். புள்ளியாக வந்தால் வார்ப்பில் நின்ற காற்றுத்துளையாக இருக்கலாம், யோசிப்பேன். துளையின் ஓரத்திலிருந்து கோடாகக் கிளம்பினால் யோசிக்க ஒன்றுமில்லை.

ஒன்றுமே ஊறாவிட்டால்? இங்கேதான் வந்தவர்களுக்கு என்மேல் கோபம் வரும். மேற்பரப்பில் திறந்திருக்கும் விரிசலைத்தான் சாயம் காட்டும். "கொதிகலன் மாதிரி தண்ணீர் அழுத்தம் கொடுத்துப் பாருங்களேன்" என்பார் விவரம் தெரிந்தவர். தண்ணீர் நிதானமாக ஏறுகிறது, மருந்து ஒரே அடியாக அடிக்கிறது. ஒன்றைத் தாங்கியது மற்றதைத் தாங்கும் என்று நான் எழுத மாட்டேன். பர்மிங்காமில் 1813 முதல் துப்பாக்கிக் குழல்களை மிகைமருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, திரும்பவும் சோதித்த பிறகே முத்திரை குத்துகிறார்கள். பட்டறைக் கதினாவுக்கு அந்த வழியும் இல்லை. சுட்டுப் பார்ப்பதே அதை விரியவைக்கலாம். ஆகவே என் அறிக்கையில் இரண்டே முடிவுகள்: 'கூடாது', 'குறை தென்படவில்லை'. 'பத்திரமானது' என்ற முடிவு கிடையாது.

'கூடாது' என்று முடிவான குழாயை, உரியவர் சம்மதித்தால், நன்றாக ஊறவைத்துக் கழுவிய பிறகு, அடிப்பக்கத்தில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை போட்டுத்தான் திருப்பிக் கொடுப்பேன். கோயிலில் வைத்துப் பூப்போடட்டும், மருந்து போட முடியாது. சம்மதிக்காதவர்கள் அப்படியே எடுத்துப்போவார்கள். அவர்களிடம் அறிக்கையின் நகலில் கையெழுத்து வாங்கிவைத்துக்கொள்கிறேன்.